எட்டாம் இடமும் ஏழு தங்கமும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், தேர்வில் தவறிய மாணவன் ஒருவனிடம், “உனக்குப் படிப்பு வாராது” என்று கடிந்து கூறிவிட்டேன். அவன் பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. அச்சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அவனிடம் நான் கூறியிருக்க வேண்டிய வரலாறு ஒன்றை உங்களுக்குக் கூறுகிறேன். அது மார்க் ஸ்பிட்ஸ் என்னும் அமெரிக்க நீச்சல் வீரருடையது.

1950-இல் கலிபோர்னியாவில் பிறந்த அவர் இருவகை நீச்சலில் வல்லவர். ஒன்று தன்விருப்ப நீச்சல். இதில் எம்முறையிலும் நீந்தலாம். எனினும் கைகளை மாறி மாறி வீசுவதே மிக விரைவானதாதலால் வீரர் அனைவரும் அதனையே கைக்கொள்வர். மற்றொன்று வண்ணத்துப்பூச்சி நீச்சல். இதில் இரு கைகளையும் ஒருசேர நீருக்கு மேலே வீசுதல் வேண்டும். கால்களும் ஒருசேர அசைதல் வேண்டும். முன்னதில் ஒரு கை மேலெழும்போது மற்றது நீரைத் தள்ளும். பின்னதிலோ இரு கைகளும் ஒருங்கே நீரைவிட்டு எழுவதால் ஒவ்வொரு வீச்சிலும் விரைவு குறையும். குறைந்ததை மீண்டும் மீண்டும் ஈட்டவேண்டியிருத்தலால் உடல் எளிதில் களைத்துவிடும். ஒலிம்பிக்கில் இது தனிப் போட்டியாக இடம்பெற்றது 1956-இல்தான்.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்குக்குச் சென்றபோது ஸ்பிட்ஸுக்கு வயது 18. ஆறு தங்கம் வெல்வேன் என்று அவர் முன்னரே கூறியிருந்தார். கிடைத்தவை இரண்டே, அவையும் தோழர்களுடன் சேர்ந்து நீந்திய தொடர் நீச்சல்களில் கிடைத்தவை. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் உலகச் சாதனையே அவருடையதாக இருந்தது. இறுதிப் போட்டியில் எட்டுப் பேருள் எட்டாமவராக வந்தார்!

அவர் நீரைவிட்டு விலகவில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கவுன்சில்மேன் என்னும் பயிற்சியாளரிடம் பயின்றார். 1972-இல் மியூனிக்கில் அவருக்கு வாய்த்த முதற் போட்டி எது தெரியுமா? கடைசியாக வந்த அதே 200 மீட்டர் போட்டிதான். அதனை 2 நிமிடம் 0.70 விநாடியில் நீந்தி வென்றார். எட்டே நாள்களில் ஏழு போட்டிகள், ஏழிலும் தங்கம், ஏழிலும் உலகச் சாதனை. மைக்கேல் பெல்ப்ஸ் 2008-இல் எட்டுத் தங்கம் வெல்லும்வரை, 36 ஆண்டுகள் அப்பெருமை நிலைத்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறுநாள் மியூனிக்கில் பயங்கரவாதிகள் தாக்கினர்; இஸ்ரேல் அணியினர் 11 பேர் உயிரிழந்தனர். யூதராகிய ஸ்பிட்ஸ் பாதுகாப்புக் கருதி ஊர் திரும்பினார். 22 வயதில் போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார். நாற்பதைக் கடந்தபின் மீண்டும் முயன்றபோது தகுதிபெற இயலவில்லை. முயற்சிக்கும் பருவம் உண்டு.

உங்களுக்கு அப்பருவம் இதுவே. எட்டாம் இடம் ஒரு நாளின் கணக்கு. ஓர் ஆளின் அளவன்று. இதனை அன்று அம்மாணவனிடம் நான் சொல்லத் தவறினேன். நாளை தோற்று நிற்கும் தோழனிடம் நீங்களேனும் சொல்லுங்கள்.