சிறு படகில் சால்மன் பிடிக்க டவுன்ரிகர் அமைக்கும் முறை

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை, பசிபிக் கடலில் பிடிக்கப்படும் மீன்களில் சால்மனுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருவது இம்மீனின் இயல்பு. கடலில் இரை தேடித் திரியும் பருவத்தில்தான் இதன் சதை கொழுப்பேறிச் சுவையாக இருக்கும். ஆகவே ஆற்றுக்குள் நுழையுமுன்பே இதைக் கடலில் பிடிக்கப் பலரும் முனைகின்றனர். பெரிய படகுகள் மட்டுமின்றி, 16 அடி முதல் 22 அடி வரை நீளமுள்ள சிறு படகுகளும் இதற்காகக் கடலுக்குச் செல்கின்றன.

இப்படகுகளின் பின்பகுதியில், இரு பக்கமும் உருளையும் கையும் கொண்ட ஒரு கருவி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். இதற்கு டவுன்ரிகர் என்று பெயர். தூண்டில் இரையை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, அதே ஆழத்தில் இழுத்துச் செல்ல இது உதவுகிறது. சரியாக அமைத்தால் மிகவும் பயனுள்ளது. சரியாக அமைக்காவிட்டால் சிறு படகையே கவிழ்க்கக் கூடியது.

ஏன் தேவை?

ஓடும் படகிலிருந்து தூண்டிலை இழுத்துச் சென்று வஞ்சிரம், சூரை ஆகியவற்றைப் பிடிக்கும் வழக்கம் நம் கடற்கரையிலும் உண்டு. அம்மீன்கள் பெரும்பாலும் நீரின் மேல்மட்டத்தில் இரை தேடுபவை. சால்மன் அப்படியன்று. கோஹோ என்னும் வகை மேல்மட்டத்தை ஒட்டித் திரிந்தாலும், சினூக் என்னும் பெரிய வகை குளிர்ந்த நீரையும் இரைமீன் கூட்டத்தையும் நாடி 60 அடி, 100 அடி, சில வேளைகளில் 200 அடி ஆழத்துக்கும் சென்றுவிடும்.

படகு மணிக்கு இரண்டு அல்லது மூன்று கடல் மைல் வேகத்தில் ஓடும்போது, சாதாரணத் தூண்டில் கயிறு நீரின் தடையால் மேலெழுந்துவிடும். அதை 100 அடி ஆழத்தில் நிறுத்த வேண்டுமானால் கயிற்றிலேயே பெரிய ஈயக் கட்டியைக் கட்ட வேண்டும். அப்போது மீன் ஈயத்தையும் சேர்த்து இழுத்துப் போராடும். கடித்தது மீனா, வெறும் சுமையா என்பதும் கைக்குத் தெரியாது. மேலும், இரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும் வெறும் ஊகமே.

டவுன்ரிகரில் ஈயக் குண்டு தனிக் கம்பியில் இறங்குகிறது. தூண்டில் கயிறு அக்குண்டின் அருகே ஒரு கவ்வியில் மாட்டப்படுகிறது. மீன் கடித்து இழுத்ததும் கயிறு கவ்வியிலிருந்து விடுபடும். பிறகு மீனுக்கும் பிடிப்பவருக்கும் இடையே ஈயம் இல்லை. எத்தனை அடி கம்பி இறங்கியது என்பதைக் கருவியில் உள்ள எண்மானி காட்டும். 80 அடியில் ஒரு மீன் கடித்தால், அடுத்த இரையையும் அதே 80 அடிக்கு இறக்கலாம். இதுவே இக்கருவியின் பெரிய நன்மை.

எங்கிருந்து வந்தது?

இழுவைத் தூண்டிலைத் தொழிலாகக் கொண்ட பசிபிக் மீனவர்கள் எஃகுக் கம்பியில் 40, 50 பவுண்டு குண்டுகளை இறக்கிச் சால்மன் பிடிப்பது பழைய வழக்கம். சிறு படகுக்கேற்ற கருவி பரவியதற்கு வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளும் ஒரு காரணம். 1966 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தார் மிச்சிகன் ஏரியில் சேரும் ஓடைகளில் பசிபிக் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டனர். அவை ஏரியில் நன்கு வளர்ந்தன. கோடையில் ஆழத்துக்குச் சென்றுவிடும் அம்மீன்களைப் பிடிக்கச் சிறு டவுன்ரிகர்கள் அங்கே பெருகின. இன்று கையால் சுற்றும் வகையும், 12 வோல்ட் பாட்டரியில் இயங்கும் மின்சார வகையும் கிடைக்கின்றன.

கருவியின் உறுப்புகள்

உருளை, அதில் சுற்றிய கம்பி, படகுக்கு வெளியே நீளும் கை, அதன் நுனியில் கப்பி, எண்மானி, வழுக்குத் தடை, ஈயக் குண்டு, கவ்வி ஆகியவையே முக்கிய உறுப்புகள். கம்பி பொதுவாக 150 பவுண்டு இழுவை தாங்கும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. இதற்குப் பதிலாகப் பின்னிய செயற்கை இழைக் கயிற்றையும் பலர் பயன்படுத்துகின்றனர்.

சிறு படகுக்கு 10 முதல் 12 பவுண்டு, அதாவது சுமார் 4.5 முதல் 5.5 கிலோ எடையுள்ள குண்டு பெரும்பாலும் போதும். ஆழமும் நீரோட்டமும் மிகுந்த இடங்களில் 15 பவுண்டு குண்டு தேவைப்படும். குண்டு கனமாக இருந்தால் கம்பி குறைவாகச் சாயும். ஆனால் அதைக் கையாளும் சிரமமும் அபாயமும் கூடும்.

பொருத்தும் இடம்

படகின் பக்க விளிம்பில், பின்பலகைக்குச் சற்று முன்னதாகக் கருவியைப் பொருத்துவது நல்லது. கம்பி எஞ்சினின் விசிறியிலிருந்து விலகி நிற்க வேண்டும். அதே வேளையில், உடலைப் படகுக்கு வெளியே சாய்க்காமலே குண்டைக் கையால் எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். இதற்காகவே சிறு படகில் இரண்டு, மூன்று அடி நீளக் கை போதுமானது என்பர். நீளமான கை, அலையில் படகு ஆடும்போது விளிம்பின் மீது அதிகப் பளுவை ஏற்றும்.

விளிம்புப் பலகையில் வெறும் திருகாணிகளைக் கொண்டு கருவியைப் பொருத்தக் கூடாது. பலகையை ஊடுருவிச் செல்லும் துருப்பிடிக்காத போல்ட்டுகளைப் போட்டு, அடியில் அகலமான உலோகத் தகடு அல்லது கெட்டியான பலகை வைத்து முடுக்க வேண்டும். கண்ணாடியிழைப் படகில் இது மிகவும் முக்கியம். குண்டு எங்காவது மாட்டினால், அதன் முழு இழுவையும் இந்த நான்கு போல்ட்டுகளின் மேல்தான் விழும்.

கருவியின் அடியில் சுழலும் பீடம் இருந்தால், துறைமுகத்தில் கையை உட்புறம் திருப்பி வைக்கலாம். தூண்டில் கழியைத் தாங்கும் குழலை, கழி வளைந்து நிற்கும்போது கயிறு கம்பியில் உரசாதவாறு அமைக்க வேண்டும். மின்சாரக் கருவியானால், தயாரிப்பாளர் கூறும் பருமனுள்ள மின்கம்பியும், பாட்டரிக்கு அருகில் மின்காப்பு ஃபியூசும் அவசியம். மெல்லிய கம்பி சூடேறும், கருவியும் வலுவிழக்கும்.

அலுமினியப் படகில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வெவ்வேறு உலோகங்கள் கடல்நீரில் சேர்ந்திருக்கும்போது சிறு மின்னோட்டம் உண்டாகும். எஃகுக் கம்பியைச் சுற்றி அது முறை தவறி இருந்தால் மீன் அணுகாது என்பது இத்தொழிலில் இருப்போரின் நெடுநாளைய கருத்து. மின்னோட்டத்தால் படகின் உலோகம் அரிக்கப்படும் என்பதில் ஐயமே இல்லை. எஞ்சினிலும் படகின் அடியிலும் உள்ள துத்தநாகக் கட்டிகள் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இறக்கும் முறை

முதலில் படகை நேராக, மெதுவாக ஓட விட வேண்டும். இரையைப் படகின் பக்கத்திலேயே நீரில் விட்டு, அது ஒழுங்காகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். நெத்திலி அல்லது சாளைக்கு உறவான ஹெர்ரிங் மீன் இரையாகப் பயன்படும். தகட்டு இரையும், பிளாஸ்டிக் கணவாயும் உண்டு. இரைக்கு முன்னால் பளபளக்கும் சுழல் பட்டை ஒன்றைக் கட்டுவோரும் உளர். பட்டையிலிருந்து மீன் இரைக்கு ஐந்து, ஆறு அடி கயிறும், பிளாஸ்டிக் கணவாய்க்குச் சுமார் மூன்று அடி கயிறும் விடுவது வழக்கம்.

இரையைப் படகுக்குப் பின்னால் 15 முதல் 25 அடி வரை விட்ட பிறகு, கயிற்றைக் கவ்வியில் மாட்ட வேண்டும். பின்னர் குண்டை நிதானமாக இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் இரை கம்பியில் சுற்றிக்கொள்ளும். வேண்டிய ஆழம் வந்ததும் கயிற்றின் தொய்வைச் சுற்றி எடுத்து, கழியின் நுனி நன்கு வளையுமாறு செய்ய வேண்டும். மீன் கடித்துக் கயிறு விடுபட்டதும் கழி சட்டென்று நிமிரும். உடனே வேகமாகச் சுற்றித் தொய்வை எடுக்காவிட்டால் மீன் தப்பிவிடும். மீன் கம்பியில் சுற்றாமல் இருக்க, மற்றொருவர் குண்டுகளை மேலே தூக்கிவிட வேண்டும்.

ஆழக் கணக்கு

எண்மானி காட்டுவது வெளியே சென்ற கம்பியின் நீளத்தையே. குண்டின் உண்மையான ஆழத்தை அன்று. படகின் வேகத்தால் கம்பி பின்புறம் சாயும். 100 அடி கம்பி விட்டு, அது செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்ந்தால் ஆழம் சுமார் 94 அடி. 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 87 அடி. 45 டிகிரி சாய்ந்தால் சுமார் 71 அடிதான். கம்பி மிகவும் சாய்ந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கனமான குண்டைப் போட வேண்டும்.

இரண்டு கருவிகள் இருந்தால் தொடக்கத்தில் ஒன்றை 40 அடியிலும், மற்றொன்றை 80 அடியிலும் விட்டுப் பார்க்கலாம். எதில் மீன் கடிக்கிறதோ அந்த ஆழத்துக்கு மற்றதையும் மாற்றலாம். படகு வளைந்து திரும்பும்போது உட்பக்கத்து இரை வேகம் குறைந்து தாழும். வெளிப்பக்கத்து இரை வேகம் கூடி உயரும். உட்பக்கத்து இரையை மீன் எடுத்தால், வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பது பலன் தரும். ஆனால் திருப்பம் அகலமாக இருக்க வேண்டும். குறுகத் திருப்பினால் உட்பக்கக் கம்பி படகின் அடியில் புகுந்து விசிறியில் சிக்கிக்கொள்ளும்.

குண்டு பாறையில் மாட்டினால்

சிறு படகுக்கு வரும் பெரிய ஆபத்து இதுவே. எஞ்சின், பெட்ரோல், பாட்டரி, ஆட்கள் என்று பளு முழுவதும் படகின் பின்புறமே இருக்கும். குண்டு தரையில் மாட்டினால், 150 பவுண்டு தாங்கும் கம்பி எளிதில் அறாது. அலை எழும்போது படகு எழ முடியாமல் அந்த மூலை அமிழும். அடுத்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

இதைத் தவிர்க்க வழுக்குத் தடையை முன்கூட்டியே சரி செய்ய வேண்டும். குண்டின் எடையைத் தாங்குவதற்கு மேல் சிறிதளவே இறுக்கம் இருக்கலாம். குண்டு மாட்டியவுடன் கம்பி தானே வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். கம்பிக்கும் குண்டுக்கும் இடையே, கம்பியைவிட வலுக் குறைந்த ஒரு சிறு கயிற்றை இணைப்பாக வைப்பதும் நல்லது. அது அறுந்தால் குண்டு ஒன்றுதான் நட்டம்.

மாட்டிவிட்டால் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, கம்பியைத் தாராளமாக விட வேண்டும். படகைப் பின்னோக்கிச் செலுத்தக் கூடாது. அலை பின்பலகையின் மேல் ஏறும். அகலமாகத் திருப்பி, முன்புறம் அலையை நோக்கியிருக்குமாறு வந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் தயங்காமல் கம்பியை வெட்டிவிட வேண்டும். எஃகுக் கம்பியை வெட்டும் குறடு, தேடாமல் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் கட்டப்பட்டிருக்க வேண்டும். கத்தியால் எஃகுக் கம்பி அறாது.

தரையின் ஆழத்தை எதிரொலிக் கருவியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பாறை உள்ள இடங்களில் குண்டைத் தரைக்குக் குறைந்தது 10, 15 அடி மேலே வைப்பது பாதுகாப்பு. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம் போன்ற, அலை கொந்தளிக்கும் இடங்களைக் கடக்கும்போது குண்டுகளைக் கழற்றிப் படகின் தரையில் உருளாதவாறு கட்டிவிட வேண்டும். உயிர்காப்பு அங்கியும் ரேடியோவும் இன்றிக் கிளம்பக் கூடாது.

சிறு மீன்களைக் காக்க

கவ்வியின் பிடி மிகவும் இறுக்கமாக இருந்தால், சிறு மீன் கடித்தாலும் கயிறு விடுபடாது. தெரியாமலே அம்மீன் நெடுநேரம் இழுபட்டுச் செத்துப்போகும். பிடியைத் தளர்வாக வைத்து, அவ்வப்போது தூண்டிலைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் மாநிலக் கடல்களில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டிலையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விட வேண்டிய மீனை நீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றலாம்.

வகை அறிவதும் வேண்டும். சினூக்கின் கீழ்ப் பல் ஈறு கறுப்பாக இருக்கும். வாலின் இரு பாகங்களிலும் புள்ளிகள் உண்டு. கோஹோவின் ஈறு பற்களை ஒட்டி வெளுத்திருக்கும். புள்ளிகள் வாலின் மேல்பாகத்தில் மட்டுமே இருக்கும். கலிபோர்னியாக் கடலில் கோஹோவைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை உள்ளது.

இந்தக் கட்டுப்பாடுகள் வீணானவை அல்ல. வறட்சியால் ஆறுகளில் நீர் குறைந்து வெப்பமேறியதால் சால்மன் குஞ்சுகள் அழிந்தன. கலிபோர்னியாவில் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் கடல் சால்மன் பிடிப்பு முழுவதுமாக நிறுத்தப்பட்டது. 2025 இல் தொழில்முறைப் பிடிப்புக்குத் தடை நீடித்தது. பொழுதுபோக்காகப் பிடிப்போருக்குச் சில நாட்களே அனுமதி கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் விதி மாறுவதால், கிளம்புமுன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

கரை திரும்பியதும் கருவி முழுவதையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். கம்பியின் ஏதேனும் ஓர் இழை அறுந்து துருத்திக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாக முனை கட்ட வேண்டும். கப்பி தடையின்றிச் சுழல்கிறதா, போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, வழுக்குத் தடை உப்பேறி இறுகியுள்ளதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பார்க்க வேண்டும். இறுகிப்போன தடை, தடையே இல்லாததைவிட ஆபத்தானது.