கடலாடுவார் காலம் அறிக

வேனில் முதிர்ந்ததும் மாந்தர் மனம் நீரை நாடுகின்றது. மலைநாட்டார் அருவியை நினைப்பர்; வயலூரார் குளத்தையும் வாய்க்காலையும் நினைப்பர்; இரண்டு நாள் ஓய்வும் பேருந்துச் செலவுக்குப் பணமும் உடையார் கடற்கரையை நினைப்பர். "இவ்வாண்டு எந்தக் கடற்கரைக்குப் போகலாம், சேர்?" என மாணவர் கேட்கும் வினாவை ஆசிரியத் தொழிலிற் புகுந்த நாள்தொட்டுக் கேட்டு வருகின்றேன். ஆசிரியர் அறையில் இவ்வினா எழுந்தால் ஆளுக்கோர் ஊரின் பெயரைச் சொல்வர். திங்களின் பெயரைச் சொல்வார் அரியர்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது வியப்பளித்தல் வேண்டும். நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாயின. நெய்தலுக்கு அவர் பெரும்பொழுது தனித்து ஓதவில்லை. பின்வந்த நாற்கவிராச நம்பி, மருதத்திற்கும் நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதும் உரிய என வரையறுத்தார். பாட்டுக்கு அது பொருந்தும். தலைவனைப் பிரிந்தாள் எப்பருவத்திலும் கடலைப் பார்த்து இரங்கலாம். கடலில் இறங்கிக் குளிக்க விழைவார்க்கோ ஆறு பருவமும் ஒன்றாகா. அவர் இடத்தைத் தேர்வதற்கு முன் காலத்தைத் தேர்தல் வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்துவது அஃதொன்றே.

புகார் காட்டிய வழி

கடலாட்டு நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அதற்கென ஒரு காதையே உண்டு. சித்திரைத் திங்களிற் கால்கொண்ட இந்திரவிழா நிறைவுற்ற பின்னரே கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். மாந்தர் பலரும் அவ்வாறே திரள்கின்றனர். புகார் எத்திசைக் கடலில் உள்ளது? குணகடலில். நிந்தவூர் எத்திசைக் கடலில் உள்ளது? அதே குணகடலில். அக்கடல் சித்திரை வைகாசியில் அமைதியுறும். ஐப்பசி கார்த்திகையிற் சீறும். இளங்கோவடிகள் கதையின் போக்குக்கு வேண்டி அக்காலத்தை அமைத்தார் எனினும், அது கடலறிந்தார் ஒப்பும் காலமாகவே அமைந்துவிட்டது.

நூலிற் கண்ட பருவத்தை அப்படியே நம் கரைக்குப் பொருத்துதலும் கூடாது. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என நூல்கள் கூறும். இலங்கையின் கீழ்க்கரையில் அவ்விரு திங்களிலும் வெயில் காயும். மழை பெரும்பாலும் ஐப்பசியிலே தொடங்கித் தை வரை நீளும். ஆதலின், பருவத்தின் பெயரை நூலிலிருந்து கற்று, அதன் நாளை நம் ஊர்க் காற்றிலிருந்து கற்றல் நன்று.

இரு காற்றும் இரு கரையும்

இலங்கைத்தீவு சிறிது, ஆயினும் அதற்கு இரு கடற்பருவம் உண்டு. மே முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அது ஹிக்கடுவை, பெந்தோட்டை, உணவட்டுன, மிரிச முதலிய மேற்குத் தெற்குக் கரைகளில் அலையை உயர்த்தும். தன் மழையை மேற்குச் சரிவிலும் மலைநாட்டிலும் பெய்துவிட்டு, ஈரமிழந்து, வெப்பமுற்றுக் கீழ்நிலத்தில் இறங்கும். அதனையே நம் பகுதியார் கச்சான் என்பர். கச்சான் என்றதும் நிலக்கடலையை நினைக்கும் பிள்ளைகளுக்கு இக்காற்றின் பெயரையும் சொல்லிக் கொடுத்தல் நன்று. பழந்தமிழர் மேல்காற்றைக் கோடை என்றனர். கச்சான் அதன் கிழக்கிலங்கை உறவு. உடலுக்கு அது வெம்மை; கடலுக்கு அது தாலாட்டு. நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசுதலின் கரையோர அலையை அது தணிக்கும்.

டிசெம்பர் முதற் பெப்ரவரி வரை வாடையின் ஆட்சி. அப்போது வங்காள விரிகுடா நேரே நம் கரைமேல் மோதும். மேற்கும் தெற்கும் அமைதியுறும். எனவே ஒரு தீவில் இருந்துகொண்டே ஆண்டு முழுவதும் அமைதிக் கடலைக் காணலாம். பக்கம் மாறத் தெரிந்தாற் போதும்.

இவ்விடத்து ஒரு சொல்வரலாறு நினைவுக்கு வருகின்றது. பருவக்காற்றைக் குறிக்கும் மொன்சூன் என்னும் ஆங்கிலச் சொல், மவ்சிம் என்னும் அறபுச் சொல்லின் வழியது. மவ்சிம் என்பதன் பொருள் பருவம். அறபுக் கடலோடிகள் நாவில் வழங்கிய அச்சொல்லைப் போர்த்துக்கீசர் பெற்று ஏனை ஐரோப்பியர்க்கு அளித்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான எரித்திரேயக் கடற்பெரிப்புளுசும், எகிப்திலிருந்து இந்தியக் கரைக்குப் புறப்படுவார் யூலையளவிற் புறப்படுதல் வேண்டும் என்று கூறும். கடலைக் காலத்தோடு சேர்த்தே காணும் அறிவு தமிழர்க்கும் அறபியர்க்கும் யவனர்க்கும் பொதுச்சொத்து.

தென் ஐரோப்பாவிலும் அதுவே விதி

பாரிசிலும் இலண்டனிலும் சூரிக்கிலும் வாழும் நம்மவர் யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் வெயிலும் கடலும் தேடித் தென் ஐரோப்பாவுக்குச் செல்கின்றனர். எசுப்பானியக் கரையோ, சிசிலியோ, கிரேக்கத் தீவுகளோ எனத் தேர்வது அவர்க்கும் பெருஞ்சிக்கல். உலகக் காலநிலையை வகைப்படுத்திய கொப்பென் என்னும் அறிஞரின் முறையில் அந்நாடுகளும் நம் கீழ்க்கரையும் வெவ்வேறு பிரிவின. ஆயினும் கோடை வறட்சி என்னும் குறி இரண்டுக்கும் உண்டு. அங்கும் மழை குளிர்காலத்தது. மத்தியதரைக் கடலிலும் நம் கடலிலும் வற்றுப்பெருக்கின் வேறுபாடு சிறிது. ஆகவே குளிப்பவன் அஞ்ச வேண்டியவை காற்றும் அலையும் நீரோட்டமுமே.

அங்கும் ஊர்ப்பெயர் மட்டும் அறிந்து செல்வார் இடர்ப்படுவர். யூலை, ஓகஸ்டில் ஏகியன் கடலில் வடகாற்று வலுக்கும். பண்டைக் கிரேக்கர் அதனை ஆண்டுக்காற்று எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். போர்த்துக்கலின் அத்திலாந்திக் கரையில் வெயில் சுட்டாலும் நீர் ஓகஸ்டிலும் குளிரும். 2021 ஓகஸ்ட் 11 அன்று சிசிலியில் 48.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பமாக அது ஏற்கப்பட்டுள்ளது. 2023 யூலையிற் கிரேக்கத்தின் உரோட்சுத் தீவிற் காட்டுத்தீ பரவ, விடுமுறைக்கு வந்தோர் உட்படப் பல்லாயிரவர் இடம்பெயர்க்கப்பட்டனர். வெயிலைத் தேடிச் சென்றவர் வெயிலுக்கே அஞ்சி ஓடிய காட்சி அது. யூனிலோ செப்டெம்பரிலோ செல்லத்தக்கவர் அக்காலத்தைத் தேர்தல் நன்று. ஓகஸ்டிலன்றி விடுமுறை இல்லாதார், நண்பகலில் நிழலும் வைகறையிலும் மாலையிலும் நீரும் என வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

நம் கரையிற் தேர்தல்

இனி, மே முதற் செப்டெம்பர் வரை நம் கீழ்க்கரையில் எங்குச் செல்லலாம்? யார் செல்கின்றனர் என்பதைக் கொண்டே விடை கூறல் வேண்டும்.

சிறு பிள்ளைகளுடனும் முதியோருடனும் செல்வார்க்குப் பாசிக்குடா ஏற்றது. மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்து, பிறைபோல் வளைந்த குடா அது. நெடுந்தூரம் ஆழமின்றி இருத்தலின், கரையிலிருந்து மிகவும் விலகிச் சென்ற பின்னும் நீர் இடுப்பளவே நிற்கும் இடங்கள் உண்டு. ஆழமின்மையே சிலர்க்குக் கவனமின்மையைத் தரும் என்பதையும் மறத்தலாகாது.

கடலோடு வரலாறும் இயற்கையும் காண விழையும் மாணவர்க்குத் திருகோணமலை. உப்புவெளியும் நிலாவெளியும் குளிக்கத்தக்க நீண்ட மணற்கரைகள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே முருகைக்கற்களுக்கு இடையே வண்ண மீன்களைக் காணலாம். முருகைக்கல் உயிருள்ளது, அதன்மேற் காலூன்றுதல் அதனைக் கொல்லுதலாகும். இதனைப் படகேறுமுன் மாணவர்க்குச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.

அலைமேற் பலகை ஊன்றி விளையாடும் இளைஞர்க்குப் பொத்துவிலை அடுத்த அறுகங்குடா. காற்று அமைதியாக இருக்கும் இதே திங்களில் அங்கு மட்டும் அலை நெடிதாய் எழுவது ஏன்? தென்பெருங்கடலில் நெடுந்தொலைவில் அடிக்கும் புயல்கள் எழுப்பிய அலைகள் பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்துவந்து அம்முனையில் மடங்குகின்றன. உலகின் பல நாட்டார் இவ்வலைக்காகவே வருகின்றனர். நீந்தத் தெரியாத மாணவர் கூட்டத்தை அம்முனையில் இறக்குதல் தகாது. குமண வனமும், பாதயாத்திரிகர் கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் உகந்தை வழியும் அண்மையில் உள்ளமையின், அங்குச் செல்வார் காண்பதற்குக் கரையை விடவும் பல உண்டு.

சிறுபொழுதையும் எண்ணுக. நெய்தலுக்கு எற்பாடு என்றனர் இலக்கணம் வகுத்தோர். கதிர் சாயும் பொழுது என்பது பெருவழக்கான பொருள். கீழ்க்கரையில் மாலைக் கதிரவன் நம் முதுகுப்புறம் இறங்குவான், தென்னையின் நிழல் கடலை நோக்கி நீளும், மணல் ஆறும். கச்சானின் வெம்மையில் நண்பகற் குளியலுக்கு இறங்குவார், எற்பாட்டின் அருமையை அரைநாள் பொறுத்தால் உணர்வர்.

பிறையும் கடலும்

நம் முஸ்லிம் ஊர்களுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. நம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பு மாதத்தைத் தழுவி அமைகின்றது. குடும்பங்கள் கூடிக் கடலுக்குச் செல்வதும் பெருநாளை ஒட்டியே. ஹிஜ்ரி ஆண்டோ ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலிற் பெருநாள் ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டிற் பருவங்கள் யாவற்றையும் சுற்றி வரும். 2004 இல் நோன்புப் பெருநாள் நவம்பர் நடுவில் வந்தது. 2016 இல் யூலைத் தொடக்கத்தில் வந்தது. முன்னதில் மழைக்கடல், பின்னதிற் கச்சான் கடல். பெருநாள் ஒன்றே, கடல் வேறு. தந்தை தம் இளமையிற் பெருநாளன்று அஞ்சாது குளித்த கரையில், மகன் அதே பெருநாளன்று குளித்தல் கூடாமற் போகலாம். பிறை பார்த்து நாளை அறிவோம். காற்றுப் பார்த்துக் கடலை அறிதல் வேண்டும்.

மாரியின் நீர் எத்தகையது என்பதை நாம் அறிவோம். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிய வெள்ளம், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய அறபு மத்ரஸா மாணவரை அடித்துச் சென்றது. அவர்களிற் சிலர் மீளவில்லை. அப்பருவத்தில் ஆற்றுமுகங்கள் உடைத்துப் பாயும். கடல் கலங்கி இழுக்கும். நீரோட்டம் ஒருவனைக் கடல்நோக்கி இழுத்தால், அவன் அதனை எதிர்த்து நீந்திச் சோர்தல் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு நீங்கிய பின்னரே கரையேறல் வேண்டும். இஃது ஒவ்வொரு வகுப்பிலும் கற்பிக்கத்தக்க பாடம். 2004 டிசெம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை எப்பருவத்துக்கும் கட்டுப்பட்டதன்று. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை அன்று இழந்தது நம் அம்பாறை மாவட்டமே. கடல் வழக்கத்துக்கு மாறாகப் பொங்கினாலும் உள்வாங்கினாலும், வேடிக்கை பாராது மேட்டுநிலம் நோக்கி விரைதல் வேண்டும்.

வாசலிலுள்ள கடற்கரை

பாசிக்குடாவும் நிலாவெளியும் செலவுடையார்க்கு. பெரும்பாலார்க்கு வேனிற் கடற்கரை என்பது தம் ஊர்க் கடற்கரையே, நிந்தவூரார்க்கும் அஃதே. அம்மணலிற் பெரும்பகுதியைக் கடல் இன்று கொண்டுபோய்விட்டது. நம் கரையில் ஆண்டு முழுமையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகரும். 2008 இல் தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்சுவர்கள் அந்நகர்வை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் அரிப்புண்டன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுப்பார்க்குத் தோணி ஏற்றவும் வலை விரிக்கவும் வேண்டிய மணல் குறுகியது. அமைதிக்கடற் காலமே கரைவலைக் காலமுமாதலின், அவர்க்கு மணல் வேண்டும் திங்களிலேயே விடுமுறையார்க்கும் மணல் வேண்டும். இருவர்க்கும் போதிய மணல் இல்லை.

கற்களைக் கொட்டி அரிப்பைத் தடுக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. கல் கரையைக் காக்கலாம். மணலை ஈன்று தராது. தடைப்பட்ட மணலைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே சேர்க்கும் முறை உலகின் பல துறைமுகங்களிற் கையாளப்படுகின்றது. அதனை இங்குத் தொடர்ந்து செய்யுமாறு கேட்டல் மீனவரின் கடன் மட்டுமன்று. கடலிற் கால்நனைத்து மகிழ்ந்த அனைவரின் கடனுமாகும்.

எனவே, ஆசிரிய அன்பர்களே, இனிச் சுற்றுலாப் பட்டியல் வரையும்போது ஊர்ப்பெயருக்கு முன் திங்களின் பெயரை எழுதுங்கள். அதன்பின் காற்றின் பெயரை எழுதுங்கள். செல்வோரில் எத்தனை பேர்க்கு நீந்தத் தெரியும் என்பதை எழுதுங்கள். இவை மூன்றும் எழுதிய பின் எந்தக் கடற்கரை என்பது தானே புலப்படும். சென்ற இடத்திற் கரைவலைத் தோணிக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். திரும்பி வந்தபின், நம் ஊர் மணல் இவ்வாண்டு எத்தனை அடி மிஞ்சியுள்ளது என்று மாணவரை அழைத்துச் சென்று அளந்து பாருங்கள்.