பிழையும் விடையே

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் செல்ல விரும்பி, தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்யும் நேயர்கள், இரயில்வேயார் தரும் விடை மூன்று வகைப்பட்டது என்பதை நன்கு அறிவார்கள். இடம் உறுதியாயின் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் வரும். ஆர்.ஏ.சி. ஆயின், பக்கவாட்டு இருக்கையை மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ள நேரும். காத்திருப்போர் பட்டியலாயின், வரிசையில் எத்தனையாவது ஆள் என்னும் எண் மட்டுமே வரும். மூன்றில் எது நமக்கு வாய்த்தது என்பது சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் படுக்கை எண்ணைத் தேடிப் பெட்டி பெட்டியாக அலைவதில்லை. அவர் சீட்டில் அப்படியோர் எண்ணே இல்லை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இந்த எளிய நேர்மையை அடைய நெடுங்காலம் ஆயிற்று. நேயர் பலருடைய இல்லங்களில், பெங்களூரிலோ ஐதராபாத்திலோ புனேயிலோ மென்பொருள் எழுதும் மகனோ மகளோ இருக்கக் காண்கிறோம். 'ரிசல்ட்', 'எஃபெக்ட்' என்னும் சொற்கள் அவர்கள் பேச்சில் அடிபடும்போது, வீட்டுப் பெரியவர்கள் அவற்றைப் புரியாத மந்திரம் போலக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அச்சொற்களின் பின்னே நிற்கும் கருத்து, மேற்சொன்ன பயணச்சீட்டில் இருப்பதுதான்.

நிரல் என்பது சிறு சிறு பணிகளின் கோவை. அப்பணி ஒவ்வொன்றையும் சார்பு என்று அழைக்கலாம். ஒவ்வொரு சார்பும் தன் முகப்பு வரியில் ஒரு வாக்குறுதியைத் தாங்கி நிற்கிறது: 'எழுத்துக் கோவை ஒன்றைத் தருக, எண் ஒன்றைத் திருப்பித் தருவேன்' என்பது போல. வாங்குவது இன்ன இனம், தருவது இன்ன இனம் என்னும் இக்குறிப்பையே வகை என்பர். பணி இனிது முடிந்தால் தொல்லையில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால், சார்பு எதைத் திருப்பித் தருவது?

1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழியில் இப்பணிக்கென உள்ள 'ஏ டூ ஐ' என்னும் சார்பு, அந்நிலையில் 0 என்று விடை தருகிறது. இருப்பு ஒன்றுமில்லை என்றாலும் 0. கொடுத்தது எண்ணே அன்று என்றாலும் 0. வாங்கிக்கொண்டவர் வேறுபாட்டை எங்ஙனம் அறிவார்? இதற்கு முன்பே, 1965ஆம் ஆண்டில், ஆல்கால் டபிள்யூ என்னும் மொழியை வகுத்த ஆங்கிலேய அறிஞர் டோனி ஹோர், 'இங்கு ஒன்றுமில்லை' என்று சுட்டும் 'நல்' என்னும் குறியைப் புகுத்தினார். தமிழ்ச் செவிக்கு அது நல்ல சொல்லாக ஒலிப்பது வேடிக்கையே. புகுத்துவது எளிதாக இருந்தமையாலேயே புகுத்தியதாக 2009இல் லண்டனில் நடந்த மாநாட்டில் அவரே ஒப்புக்கொண்டு, அதனை நூறு கோடி டாலர் தவறு என்று வருணித்தார்.

பின்னர் வந்தது விதிவிலக்கு என்னும் முறை. பணி தவறினால் சார்பு விடை தராமல், கையிலுள்ளதைக் கீழே போட்டுவிட்டு, மேலே எங்கேனும் தன்னைப் பிடித்துக்கொள்வோர் உளரா என்று தாவுகிறது. பிழை விடையோடு கலவாது என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆனால் தாவக்கூடும் என்னும் செய்தி பெரும்பாலான மொழிகளில் முகப்பு வரியில் இல்லை. பிடிப்போர் இல்லையெனில் நிரல் முழுதுமே நின்றுபோகும்.

அவ்வாறு நின்றதொரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே காண்போம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 இராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. கிளஸ்டர் என்னும் நான்கு விண்கலங்களை அது சுமந்து சென்றது. ஏறத்தாழ 37 வினாடிகள் செவ்வனே பறந்தது. பின்னர் திடீரெனத் திசை திரும்பி, காற்றின் தாக்குதலால் முறிந்து, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது.

எந்திரத்தில் பழுது இல்லை. இராக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் அளந்து சொல்லும் கருவிக்கான நிரல், பழைய ஏரியான் 4லிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. அதில் ஓரிடத்தில், 64 பிட் அளவுள்ள பின்ன எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. 16 பிட்டில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியான் 4 பறந்த வேகத்தில் அந்த எல்லை ஒருபோதும் எட்டப்படவில்லை. புதிய இராக்கெட்டோ தொடக்கத்திலேயே கிடைத்திசையில் மிக விரைந்து சென்றது, எண் அடங்கவில்லை, விதிவிலக்கு எழுந்தது, பிடிப்போர் இல்லை. ஏற்கெனவே வகுத்திருந்த விதிப்படி கருவி தன் பணியை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவி உதவிக்கு வந்திருக்கலாமே எனில், அதிலும் அதே நிரல். அது 72 மில்லி வினாடிகளுக்கு முன்னரே நின்றுவிட்டது!

இதன் பின் நிகழ்ந்ததே மிகவும் கருதத்தக்கது. நின்றுபோன கருவி, தனக்கு நேர்ந்த பழுதைக் குறிக்கும் பிட்டுகளைத் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்பியது. தலைமைக் கணிப்பொறி அவற்றைப் பறத்தலின் அளவு என்றே எண்ணி, இல்லாத விலகலைத் திருத்துவதற்காக எரிகுழாய்களை முழு அளவுக்குத் திருப்பியது. சி மொழியின் 0வும் இதுவும் ஒரே இனத்தவை: தோல்வியின் அறிவிப்பு, விடையின் உடையணிந்து வந்தது.

ஆராய்ந்த குழுவின் அறிக்கை மற்றொன்றும் சொல்கிறது. இவ்வாறு எல்லை மீறக்கூடிய எண்கள் ஏழு என்று நிரல் எழுதியோர் முன்னரே கண்டிருந்தனர். கணிப்பொறியின் வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பதற்காக நான்கிற்கு மட்டும் காப்பு அமைத்து, மூன்றை விட்டனர். ஆகவே இதனைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஆராய்ந்தே விட்டனர், ஆனால் ஏன் விட்டனர் என்பது நிரலின் எழுத்தில் எங்கும் காணப்படவில்லை. ஏரியான் 5க்கு அந்த நிரலை எடுத்தவர்கள், அவ்வெழுத்தைப் படித்து எதையும் அறிந்திருக்க வழியில்லை.

நிற்க. நிரலை எழுதுவதில் மற்றொரு மரபு உண்டு. பள்ளிக் கணிதத்தில் சார்பு என்று படிக்கிறோம் அல்லவா? ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் தரும், அதையே மீண்டும் கொடுத்தால் அதையே மீண்டும் தரும், வேறெதுவும் செய்யாது. நிரல் முழுவதையும் இத்தகைய சார்புகளாகவே அமைக்க முயல்வது இம்மரபு. இதனைச் சார்புநெறி நிரலாக்கம் என்போம். இந்நெறியில் நிற்பவருக்கு விதிவிலக்கு ஒரு நெருடல். எண் தருவதாக வாக்களித்துவிட்டுச் சில வேளை தாவி ஓடுவது, கணிதப் பொருளில் சார்பே ஆகாது. அதனை நேர்செய்ய ஒரே வழி, வாக்குறுதியை விரித்து எழுதுவதுதான்: 'எழுத்தைத் தருக; எண்ணையோ, எண் கிட்டாத காரணத்தையோ தருவேன்.'

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் இதற்குப் பிறந்த வீடு எனலாம். ராபின் மில்னரும் அவர் குழுவினரும் 1970களில் அங்கே எம்.எல். என்னும் மொழியை உருவாக்கினர். 1980இல் அங்கேயே ஹோப் என்னும் மொழி வந்தது. அப்பெயருக்கு நம்பிக்கை என்று பொருள் கொள்ள வேண்டா. ஹோப் பார்க் சதுக்கம் என்பது அவ்வூரில் ஓர் இடம். 'இது, அல்லது இது, அல்லது இது' என்று கிளை பிரித்து ஒரு வகையை வரையறுப்பதும், எந்தக் கிளை வந்தது என்று பிரித்துப் பார்த்துச் செயற்படுவதும் ஹோப் மொழியில் இயல்பாயின. பயணச்சீட்டின் மூன்று கிளைகளை அம்மொழியில் மூன்றே வரியில் எழுதிவிடலாம். பின்வந்த மொழிகள் இதனை ஏற்றன. ஹாஸ்கெல் மொழியில் 'ஈதர்' என்றும், ரஸ்ட் மொழியில் 'ரிசல்ட்' என்றும் வழங்குவது வெற்றி, தோல்வி என்னும் இரு கிளையுள்ள வகையே. ஈதரின் கிளைகளுக்கு இடம், வலம் என்று பெயர். வலமே வெற்றி, ஆங்கிலத்தில் வலத்தைக் குறிக்கும் சொல் 'சரி' என்றும் பொருள்படும் அல்லவா?

இதனால் விளையும் பயன் யாது? நிரலை எந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர், வகைகளை வரி வரியாகச் சரிபார்க்கிறது. எண் தேவைப்படும் இடத்தில் 'எண் அல்லது பிழை' என்பதை வைத்தால், அது ஏற்க மறுக்கும். கிளை பிரித்து, தோல்வி வந்தால் செய்வது இன்னது என்று எழுதினாலன்றி எண்ணைக் கையில் எடுக்கவே முடியாது. கிளையொன்றை மறந்தாலும் பல மொழிகளில் கம்பைலரே சுட்டிக் காட்டும். தோல்விக் கிளைக்கும் தனி வகை வகுக்கலாம்: எழுத்தில் எண் இல்லை, எண் எல்லை மீறியது, கோப்பு கிடைக்கவில்லை என்று பிரித்து எழுதும்போது, நிரலைப் படிப்பவருக்கு நேரக்கூடிய இடர்கள் எல்லாம் முகப்பிலேயே புலப்படும்.

ஒவ்வோர் அடியிலும் இவ்வாறு பிரித்துப் பார்த்தால் நிரல் நீண்டு சலிப்பூட்டாதா எனலாம். அதற்கும் வழி கண்டனர். பணிகளைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால், வெற்றி அடுத்த பணிக்குச் செல்லும்; தோல்வி எஞ்சிய பணிகளைத் தொடாமல் இறுதிக்குச் சென்று சேரும். இருப்புப் பாதையில் கிளைத் தண்டவாளத்துக்கு மாறிய வண்டி, நடுவிலுள்ள நிலையங்களைக் காணாமற்போவதை ஒத்தது இது. ரஸ்ட் மொழியில் இச்சங்கிலிக்கு ஒரு கேள்விக்குறி போதும்.

எனினும் வகை எச்சரிக்கும். முடிவு செய்வது மனிதரே. 'தோல்வி இங்கு வாராது, வந்தால் நிரல் நின்றுபோகட்டும்' என்று சொல்லி விடையைப் பறித்துக்கொள்ள, ரஸ்ட் மொழியில் 'அன்ராப்' என்னும் குறுக்குவழி உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், உலகின் எண்ணிறந்த இணையத் தளங்களுக்கு முன்வாயிலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை மணிக்கணக்கில் தடைப்பட்டது. தரவுத்தளத்தில் செய்த ஒரு மாற்றத்தால் அமைப்புக் கோப்பு ஒன்று அளவு மீறிப் பெருத்தது. 200 கூறுகளே அடங்கும் என்று எல்லை வகுத்திருந்த நிரல் அதனைப் பிழை என்று சரியாகவே உணர்ந்து, தோல்விக் கிளையைத் தந்தது. அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது அன்ராப். ஏரியானுக்கும் இதற்கும் 29 ஆண்டுகள். எல்லைக்குள் அடங்கும் என்ற எண்ணம் அதுவேதான். ஆயினும் நிறுவனம் தன் அறிக்கையில் அந்த வரியை வெளிப்படையாகவே காட்ட முடிந்தது. 'வாராது' என்று கருதியது எழுத்தில் இருந்தது. தேடிப் பிடிக்கக் கூடியதாக இருந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று என்பதே நம் கருத்து.

பிழை போலவே முகப்பில் மறைந்து நிற்பவை வேறும் உள. கோப்பைப் படித்தல், கடிகாரத்தைப் பார்த்தல், திரையில் எழுதுதல், வங்கிக்குப் பணம் அனுப்புதல் ஆகியவற்றை விளைவுகள் என்பர். தொகையைக் கூட்டுவதாக முகப்பில் சொல்லும் சார்பு, உள்ளே பணத்தையும் அனுப்பிவிட்டால், அதனை இருமுறை அழைத்தவர் கதி என்னாகும்? 1990இல் வெளிவந்த ஹாஸ்கெல், தூய சார்புகளையே ஏற்கும் கடுநோன்பு மேற்கொண்ட மொழி. அதனாலேயே தொடக்கத்தில் அம்மொழியில் ஓர் எழுத்தைத் திரையிலிடுவதும் தொல்லையாக இருந்தது. இத்தாலியரான யூஜீனியோ மோஜி, மோனட் என்னும் கணிதக் கருத்தால் விளைவுகளை விளக்கலாம் என்று காட்டினார். பிலிப் வாட்லர் அதனை நிரல் எழுதும் முறையாக்கினார். 1996இல் ஹாஸ்கெல் அதனை முறைப்படி ஏற்றது. அது முதல், வெளியுலகைத் தொடும் சார்பின் முகப்பில் 'ஐ.ஓ.' என்னும் முத்திரை நிற்கிறது. முத்திரையில்லாத சார்பு வெளியுலகைத் தொடாது என்று நம்பி இருக்கலாம்.

ஆனால் ஐ.ஓ. ஒரே முத்திரை, கடிகாரம் பார்த்தாலும் அதுவே, பணம் அனுப்பினாலும் அதுவே. விளைவுகளைத் தனித்தனியே பெயரிட விரும்பியோர் விளைவுக் கையாளி என்னும் முறைக்கு வந்தனர். கோர்டன் பிளாட்கினும் மத்தியா பிரெட்னாரும் 2009இல் இதனை எடுத்துரைத்தனர். அரசாங்க அலுவலகத்தில் பணிபுரியும் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். குமாஸ்தா கோப்பை எழுதிக்கொண்டே வந்து, தமக்கு அதிகாரமில்லாத இடத்தில் குறிப்பெழுதி மேலதிகாரிக்கு அனுப்புகிறார். ஆணையோடு திரும்பி வந்ததும் விட்ட வரியிலிருந்தே தொடர்கிறார். விதிவிலக்கில் கோப்பு திரும்புவதில்லை; விளைவுக் கையாளியில் திரும்பக் கூடும். அதிகாரியை மாற்றினால் ஆணையும் மாறும்: சோதனைக் காலத்தில் பொய்க் கடிகாரம் காட்டும் கையாளியை வைக்கலாம், குமாஸ்தாவின் எழுத்தில் ஒரு சொல்லும் மாற வேண்டா. டான் லேயன் என்பார் உருவாக்கிய கோகா மொழியில், ஒரு சார்பு எழுப்பக்கூடிய விளைவுகள் யாவும் முகப்பில் பெயர் பெயராக நிற்கின்றன. முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதற்கும் அங்கே ஒரு பெயர் உண்டு!

எம்.எல். மரபில் வந்த ஓகேமல் மொழி, 2022 டிசம்பரில் வெளியான தன் ஐந்தாம் பதிப்பில் விளைவுக் கையாளிகளை ஏற்றது. பல ஆண்டுகள் நடந்த அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கே. சி. சிவராமகிருஷ்ணன். பல்லாண்டுகளாக எழுதிச் சேர்ந்த ஓகேமல் நிரல்கள் ஒரு வரியும் மாறாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் மேற்கொண்ட கட்டுப்பாடு. அதன் பொருட்டு ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது: அம்மொழியில் விளைவுகள் முகப்பு வரியில் எழுதப்படுவதில்லை. கையாளி இல்லாத விளைவு ஒன்று எழுமாயின் கம்பைலர் அதனை முன்னறிந்து தடுக்காது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'அன்ஹேண்டில்ட்' என்னும் விதிவிலக்காக அது வெளிப்படும்.