வீட்டையும் தோட்டத்தையும் கெடுக்கும் எலிகள்

காவேரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில், இராஜவாய்க்கால் பாயும் நிலங்களில் கரும்பும் வாழையும் கொடிக்காலும் தென்னையும் நெருங்கி நிற்கின்றன. கரும்பு வெட்டியானதும் எலிகள் வீட்டிற்குள் புகுந்துவிடுகின்றன என்று குடியானவர்கள் முறையிடுவது வழக்கம். இதில் வியப்பு யாதுமில்லை. பல மாதங்கள் சோகையின் மறைவில் இரையும் இடமும் பெற்றிருந்த பிராணிகள், அவை நீங்கியவுடன் வைக்கோற்போரையும் மாட்டுக் கொட்டகையையும் நாடுமன்றி வேறெங்குச் செல்லும்? ஒருவர் வீட்டில் மட்டும் மருந்து வைப்பது, ஒரு மடையை அடைத்து மற்றொரு மடையைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

முதலில் எலி எதுவென்று அறிதல் வேண்டும். சுவரோரத்தில் கூடை கூடையாக மண்ணை வெளித்தள்ளுவது பெருச்சாளி. வரப்பில் வளை தோண்டி, வாயைப் பொலபொலத்த மண்ணால் மூடிக்கொண்டு, உள்ளே கதிர்களைச் சேமித்து வைப்பது வயலெலி. இது களஞ்சியங்களிலும் குடியேறும். கூரையிலும் தென்னையின் கொண்டையிலும் வசிப்பது வீட்டெலி. உடலினும் நீண்ட வாலுடைய இது ஏறுவதில் மிக வல்லது. கூரிய மூக்குடன் சுவரோரம் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளைத் தின்பது. பிள்ளையார் வாகனமென்று அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, எலியென்று அடித்துக் கொல்வது நியாயமன்று.

வளைகள் யாவும் குடியிருப்புள்ளவை அல்ல. மாலையில் வீட்டைச் சுற்றியும் வரப்பிலும் காணும் வளைகளையெல்லாம் மண்ணிட்டு மூடிவிட்டு, மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவென்று பார்க்க வேண்டும். திறந்தவற்றில் மட்டும் வேலை செய்தால் போதும். மூங்கிலால் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை அவ்விடங்களில் அந்தி வேளையில் வைக்கலாம். இதில் விஷமில்லை, செலவும் சொற்பமே.

தென்னையில் குரும்பைகள் காம்பினருகே துளைபட்டு உதிர்ந்தால் எலியே காரணமென்று கொள்ளலாம். தரையிலிருந்து சுமார் 6 அடி உயரத்தில், 1½ அடி அகலமுள்ள தகரத்தை மரத்தைச் சுற்றி வழவழப்பாகப் பொருத்தினால் எலி ஏறமாட்டாது. ஆனால் அடுத்த மரத்தின் மட்டை தொட்டுக்கொண்டிருப்பின் தகரம் வீணே. நெருங்கிய தோப்புகளில் 5 மரங்களுக்கு ஒன்றாக, அதன் கொண்டையில் 0.005 சதவீத புரோமடியோலோன் மெழுகுக்கட்டி 10 கிராம் வைத்து, 12 நாள் கழித்து மீண்டுமொரு முறை வைப்பது பலன் தருகிறது.

துத்தநாகப் பாஸ்பைடு போன்ற கடும் விஷத்தைச் சிறிது தின்று பிழைத்த எலி, அவ்விரையை மறுபடி தொடாது. புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களுக்குப் பின்னரே கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழுவதில்லை. மனிதர் தவறி உட்கொண்டால் இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது, ஈரலை அழித்துவிடும். அதை எக்காரணத்தாலும் வீட்டிற்குள் கொண்டுவரலாகாது. நச்சுவாயு விடும் அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையும் வீட்டிற்கு ஏற்றதன்று. 2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிமருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் மாண்டனர். இதை வாசிப்போர், தத்தம் வீட்டில் மருந்து எங்கே இருக்கிறதென்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செத்த எலிகளை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்கவும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வெடிப்புடன் நடப்போருக்கு எலிக்காய்ச்சல் காணக்கூடும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.

எலியின் கர்ப்பகாலம் சுமார் 3 வாரமே. ஆகையால், கரும்பு வெட்டிய பின் அண்டை நிலத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் வளைகளை மூடிப் பார்க்கும் இவ்வேலையைச் செய்து, மாதம் ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும்.