குண்டு வெடித்த ஊரில் கிதார் கச்சேரி!

வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்பாஸ்ட். அங்கே அல்ஸ்டர் மண்டபத்தின் அருகே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கையில் கிதார். 2025 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தார்கள். திரண்டு வந்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள்!

சிலையில் இருப்பவர் ரோரி கல்லகர். அயர்லாந்துக்காரர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் "புளூஸ்" இசையை மின்சாரக் கிதாரில் அதிர அதிர வாசித்தவர்.

1970-களில் பெல்பாஸ்டில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் ஓயாத சண்டை. இன்று இந்தத் தெருவில் குண்டு. நாளை அந்தத் தெருவில். இருட்டினால் ஜனங்கள் வெளியே வர அஞ்சினார்கள். வெளியூர்ப் பாடகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ரோரி மட்டும் மறுபடி மறுபடி வந்தார்.

அன்றைய இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். அந்தக் கச்சேரிகளைப் பற்றிப் பேசினால் அவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது. மண்டபத்துக்குள் யார் எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லையாம். வெளியே ஒருவரை ஒருவர் கண்டு ஒதுங்கியவர்கள், உள்ளே தோளோடு தோள் நின்று கை தட்டினார்களாம்!

கட்டம் போட்ட சட்டை. ஆறாய் ஓடும் வியர்வை. அந்த வியர்வை பட்டுப் பட்டே கிதாரின் வர்ணம் உரிந்துவிட்டது. 1963-ல், 15-வது வயதில், கார்க் நகரில் 100 பவுண்டுக்குக் கடனாக வாங்கிய கிதார் அது. பள்ளிப் பையனுக்குச் சின்னக் கடனா!

1995-ல், 47-வது வயதில், ரோரி இறந்தார். 2024-ல் அந்தக் கிதார் சுமார் 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. ஏலத்தில் எடுத்தவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். உரிந்த வர்ணம் உரிந்தபடியே இருக்கிறது.