ஒட்டகத்தின் தடிமனும் சாச்சாவின் இருமலும்

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் சாச்சா சவூதியிலிருந்து லீவில் வந்தார். வந்த நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அருகே உள்ள டிஸ்பென்சரிக்கு வாப்பாவும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம்.

டொக்டர் நாடியைப் பார்க்கும் முன்பே கேட்டார்: "எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்? அங்கே என்ன வேலை?"

"சவூதி. ஹவுஸ் டிரைவர்" என்றார் சாச்சா.

"ஒட்டகங்களுக்குக் கிட்டப் போவதுண்டா?"

சாச்சா சற்றுத் தயங்கி, "இல்லை" என்றார்.

எனக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமைகளில் கபீலின் பண்ணைக்குப் போய் ஒட்டகங்களுக்குத் தீனி போடுவதும் சாச்சாவின் வேலைதான். ஒட்டகக் குட்டியொன்றைக் கட்டிப்பிடித்தபடி அவர் அனுப்பிய படம் என் போனில் இருந்தது. "சாச்சா, அந்தக் குட்டி...?" என்று மெல்லக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உண்மையைச் சொன்னார்.

டொக்டர் கோபிக்கவில்லை. சாச்சாவுக்கு முகக்கவசம் கொடுத்து, கடிதமொன்று எழுதி, அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே அவரைத் தனியறையில் வைத்து மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை உம்மும்மா தஸ்பீஹைக் கீழே வைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வந்தது சாதாரண இன்புளுவென்சா. அந்த நாட்களில், ஒட்டகத்தைப் பற்றி டொக்டர் ஏன் கேட்டார் என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததையே இங்கு எழுதுகிறேன். நம்மில் பலருடைய வாப்பாமாரும் நானாமாரும் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். வருடந்தோறும் நம்மவர்கள் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறார்கள். ஆகவே இது பாலைவனத்து மக்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல.

கொரோனா என்றால் நமக்கு கொவிட்-19 மட்டுமே நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒன்று 2012ஆம் ஆண்டு ஜித்தாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வருடம் ஜூன் மாதம் கடுமையான நியூமோனியாவுடன் 60 வயதான ஒருவர் அங்குள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவரது சிறுநீரகங்களும் செயலிழந்தன. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அங்கு பணிபுரிந்த எகிப்திய வைரஸ் நிபுணர் டொக்டர் அலி முகம்மத் ஸக்கி, அவருடைய சளியில் அதுவரை எவரும் அறியாத ஒரு கொரோனா வைரஸைக் கண்டார். அதனால் வரும் நோயைத்தான் இன்று 'மேர்ஸ்' என்கிறோம். மத்திய கிழக்கு சுவாச நோய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

இதுவரை 27 நாடுகளில் 2,600க்கும் அதிகமானோருக்கு இந்நோய் உறுதி செய்யப்பட்டுள்ளது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர். பெரும்பாலான நோயாளிகள் சவூதி அரேபியாவில் இருந்தவர்கள். மனிதருக்கென அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை.

இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? 2013இல் ஓமான் நாட்டு ஒட்டகங்கள் ஐம்பதின் இரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஐம்பதிலும் இந்த வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. பிறபொருளெதிரி என்பது, ஒரு கிருமி உடலுக்குள் வந்துபோனதற்கு இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அடையாளம். ஆபிரிக்காவில் 1983ஆம் ஆண்டு எடுத்துச் சேமித்து வைத்திருந்த ஒட்டக இரத்தத்தைச் சோதித்தபோது அதிலும் அதே அடையாளம் இருந்தது. மனிதர் அறிவதற்கு ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்பே ஒட்டகங்களுக்குள் அந்த வைரஸ் குடியிருந்திருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு காலமும் எவருமே கவனிக்காதது ஏன்? ஒட்டகம் நோயாளியாகத் தெரிவதில்லை என்பதுதான் காரணம். வைரஸ் அதன் மூக்கிலும் மேல் சுவாசப் பாதையிலுமே பெருகுகிறது. கொஞ்சம் மூக்கு வடியும். தடிமன் பிடித்ததுபோல இருக்கும். பல ஒட்டகங்களில் அதுவும் இருக்காது. மனிதரிலோ அதே வைரஸ் நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒட்டகத்தின் தடிமன் மனிதருக்கு உயிராபத்தாக மாறுவது அதனால்தான்.

நோய் கண்ணுக்குத் தெரியாதபோது தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தேடலைத்தான் கண்காணிப்பு என்கிறார்கள். சந்தைகளிலும் பண்ணைகளிலும் அறுப்புமடுவங்களிலும் ஒட்டகங்களின் மூக்கினுள் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுப்பார்கள். கொவிட் காலத்தில் நமக்குச் செய்த அதே பீசீஆர் பரிசோதனைதான். மூக்கு மாதிரி, வைரஸ் இன்று இருக்கிறதா என்று சொல்லும். இரத்த மாதிரி, முன்பு எப்போதாவது வந்துபோனதா என்று சொல்லும். இரண்டும் தேவை. வைரஸை அதிகம் வெளியேற்றுபவை குட்டிகள். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் குறைந்ததும் அவற்றைத் தொற்று பிடிக்கிறது. ஒருமுறை வந்த ஒட்டகத்துக்கு மீண்டும் வரவும் கூடும். எனவே ஒரே தடவை சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒட்டகத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அதன் அருகில் நிற்கும் மனிதரையும் பார்க்க வேண்டும். 2013இல் கட்டாரில் ஒரு பண்ணையில் இருவருக்கு மேர்ஸ் உறுதியானது. ஒருவர் 61 வயதான உரிமையாளர். மற்றவர் அவரிடம் வேலை செய்த 23 வயது இளைஞர். அங்கிருந்த 14 ஒட்டகங்களைச் சோதித்தபோது மூன்றின் மூக்கில் வைரஸ் இருந்தது. முதலாளி, தொழிலாளி என்ற வேறுபாடு வைரஸுக்குத் தெரியாது.

சவூதியில் 2012க்கும் 2013க்கும் இடையில் பொதுமக்கள் 10,009 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 15 பேரிடம் மட்டுமே பிறபொருளெதிரி இருந்தது. ஒட்டகம் மேய்ப்பவர்கள் 87 பேரில் இருவரிடமும், அறுப்புமடுவத் தொழிலாளர்கள் 140 பேரில் ஐவரிடமும் அது காணப்பட்டது. எண்கள் சிறியவை என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், பொதுமக்களைவிட மேய்ப்பர்களிடம் 15 மடங்கும் அறுப்புமடுவத் தொழிலாளர்களிடம் 23 மடங்கும் அதிகம். தாங்கள் தொற்றுக்குள்ளானதையே அறியாமல் சிலர் நடமாடியிருக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குச் சாச்சாவின் நினைவு வந்தது. பிறகு ஒருநாள், "டொக்டரிடம் ஏன் சாச்சா மறைத்தீங்க?" என்று கேட்டேன். "விசாவில டிரைவர் எண்டுதானே இருக்கு மகள். மத்த வேலையச் சொல்லப் போய் ஏதும் கரைச்சல் வந்தா?" என்றார். பேப்பரில் டிரைவராக இருப்பவரை ஒட்டகத் தொழிலாளர் பட்டியலில் யார் தேடுவார்கள்? எவ்வளவு நல்ல ஆய்வுகூடம் இருந்தாலும், பயத்தால் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டால் கண்காணிப்பு அந்த இடத்தில் அறுந்துவிடும்.

அப்படி அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியா ஓர் உதாரணம். அது ஒட்டகம் வளர்க்கும் நாடு அல்ல. 2015 மே மாதம் வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பிய 68 வயதான ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. என்ன நோயென்று கண்டறிவதற்கு முன்பே அவர் பல வைத்தியசாலைகளுக்குப் போய்விட்டார். அந்த ஒருவரில் தொடங்கிய தொற்று 186 பேரைப் பிடித்தது. 38 பேர் உயிரிழந்தனர். மேர்ஸ் கொவிட்டைப்போல வீதியில் வேகமாகப் பரவுவதில்லை. நோயாளிக்கு மிக அருகில் இருப்பவர்களையே அது தேடுகிறது: பராமரிக்கும் உறவினர், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், தாதியர். 2020 ஜனவரியில் சவூதியில் வேலை செய்த கேரளத்துத் தாதி ஒருவருக்கு வந்ததும் மேர்ஸ்தான்.

யாத்திரை போகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2014இல் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தவர் ஒருவர் உம்ராவுக்குச் சென்றபோது ஒட்டகப் பண்ணைக்குப் போய்ப் பால் அருந்தினார். ஊர் திரும்பிய பின் மேர்ஸ் நோயால் காலமானார். 2015ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஒட்டகங்களைக் குர்பான் கொடுப்பதைச் சவூதி அரசாங்கம் தடை செய்ததும் இந்த நோய்க்குப் பயந்துதான்.

நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. யாத்திரையின்போது ஒட்டகங்களைத் தொட்டு விளையாடாதிருப்பது நல்லது. தொட்டால் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. இறைச்சியை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் பண்ணைகளுக்குப் போகாமலிருப்பதே பாதுகாப்பு. தொற்றினால் அறிகுறி தெரிய 14 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலோ இருமலோ கண்டால், எங்கே போனோம், என்ன வேலை செய்தோம் என்பதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்ல வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கூறும் நபிமொழியைச் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். கைகழுவுவதும் பால் காய்ச்சுவதும் டொக்டரிடம் உண்மை சொல்வதும் அந்தக் கயிற்றைச் சேர்ந்தவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சாச்சா சவூதிக்குத் திரும்பிவிட்டார். போன வாரமும் ஒரு படம் அனுப்பினார். குட்டி ஒட்டகம் தூரத்தில் நிற்கிறது. சாச்சாவின் முகத்தில் கவசம். கீழே எழுதியிருந்தார்: "தடிமன் போல இருக்கு மகள். கிட்டப் போகல்ல."