கர்னல் எண்ணியின் ஓட்டை

யூஎஸ்பி கருவி ஒன்றை ஒரு நிரல் படித்துக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று பிடுங்கிவிடுகிறோம். லினக்ஸ் கர்னல் இதற்கெல்லாம் பதறாது. அந்தக் கருவிக்காக டிரைவர் ஒதுக்கிய நினைவகத்தை உடனே விடுவிக்காமல், கடைசிப் பயனர் கைவிடும்வரை காத்திருக்கும். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை அந்த நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் எண்ணி வைத்திருக்கிறது. இந்த வேலைக்காக கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2004இல் எழுதியதுதான் 'கேரெஃப்'. எடுத்தால் ஒன்று கூட்டு, முடித்தால் ஒன்று கழி, பூஜ்யமானால் விடுவி. அவ்வளவுதான்.

ஏற்கெனவே பிடித்திருப்பவருக்கு இது போதும். புதிதாகத் தேடி வருபவருக்குத்தான் ஆபத்து.

செயலியின் முதல் கோர் டிரைவரின் பட்டியலில் தேடி, எண்ணியைத் தாங்கிய பொருளின் முகவரியைக் கண்டுபிடிக்கிறது. எண்ணியை இன்னும் கூட்டவில்லை. அதே நொடியில் இரண்டாவது கோர் கடைசிப் பிடியை விடுகிறது. எண்ணி ஒன்றிலிருந்து பூஜ்யமாகிறது, நினைவகம் போய்விடுகிறது. இப்போது முதல் கோர் நிதானமாக ஒன்று கூட்டுகிறது. எதில்? வேறு யாருக்கோ கைமாறியிருக்கக்கூடிய இடத்தில். கூட்டல் இடையில் யாரும் புகமுடியாத ஒரே அடியில் நடப்பதுதானே என்று கேட்கலாம். அது எண்ணைத்தான் காக்கும், எண் இருக்கும் இடத்தை அல்ல. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

நேரான வழி: தேடுவதும் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்கட்டும், கழிப்பதும் அதே பூட்டுக்குள். தேடி முடித்ததும் பூட்டைத் திறந்துவிட்டு, பிறகு கூட்டினால் பூட்டு போட்டதே வீண்.

ஒவ்வொரு கழித்தலுக்கும் பூட்டு கட்டுப்படியாகாத இடங்களுக்காக, 2013இல் வந்த 3.8 பதிப்பில் 'பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு' என்ற செயற்கூறு சேர்ந்தது. பூஜ்யம் என்றால் அது மறுத்துவிடும். பொருள் கிடைக்கவில்லை என்று தேடியவர் திரும்பிவிட வேண்டும். ஆனால் எண்ணியைப் பார்க்கும்வரை நினைவகம் உயிரோடு இருந்தாக வேண்டுமே? அதற்குத்தான் விடுவிக்கும் செயற்கூறு முதலில், தேடல் நடக்கும் அதே பூட்டை எடுத்துப் பொருளைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. அதன் பிறகே நினைவகத்தைத் தொடுகிறது. பூட்டு இல்லாமலே படிக்கவிடும் 'ஆர்சியு' முறையில் தேடினால், படிப்பவர்கள் அனைவரும் வெளியேறும்வரை விடுவிப்பைத் தள்ளிப்போட வேண்டும். என்னைக் கேட்டால், வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்த பிறகே இந்தப் பக்கம் வரலாம்.

இப்போதைய கர்னல்களில், பூஜ்யத்தின் மேல் யாராவது சாதாரணமாகக் கூட்டினால் 'அடிஷன் ஆன் 0; யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ' என்ற எச்சரிக்கை பதிவாகும். உங்கள் டிரைவரில் அந்த வரியைப் பார்த்தால், எண்ணியைக் குறை சொல்லாதீர்கள். தேடும் செயற்கூற்றில் பூட்டு எந்த வரியில் திறக்கிறது என்று பாருங்கள்.